பிசையாத மாவு ரொட்டியாவது எப்படி?

பட்டுக்கோட்டை வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரிசி மாவையும் உளுந்து மாவையும் கையால் கரைத்து மூடி வைக்கிறார்கள். விடிவதற்குள் அது பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பை முட்டி நிற்கிறது. யாரும் அதைப் பிசைவதில்லை. அதே ஊரின் புரோட்டாக் கடைகளில் மாஸ்டர் மதியமே மைதாவைக் கொட்டி, தண்ணீர் விட்டு, தோள் வலிக்கப் பிசைகிறார். அந்த மாவோ கொஞ்சமும் பொங்குவதில்லை. பேக்கரி ரொட்டிக்கு மட்டும் இரண்டும் வேண்டும் என்பார்கள்: நன்றாகப் பிசையவும் வேண்டும், பிறகு பொங்கவும் விட வேண்டும்.

2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மார்க் பிட்மன் எழுதிய சமையல் பத்தி ஒன்று இந்த வழக்கத்தை அசைத்தது. நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹியின் செய்முறை அது. மூன்று கோப்பை மாவு, கால் தேக்கரண்டி ஈஸ்ட், உப்பு, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர். கலக்கி மூடி வைத்துவிட்டு 18 மணி நேரம் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிறகு மாவை ஒருமுறை மடித்து, கனத்த இரும்புப் பாத்திரத்தில் மூடிச் சுட வேண்டும். பிசைகிற வேலையே கிடையாது. ஆனாலும் மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே பெரிய பெரிய கண்ணறைகளோடு அருமையான ரொட்டி வந்தது. செய்முறை உலகம் சுற்றியது.

அப்படியானால் பிசைகிற வேலையைச் செய்தது யார்? இதற்கு விடை தெரிந்தவர் கொல்லையில் உள்ள கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டு இந்த ரொட்டியை நம் வீட்டிலேயே சுடலாம். விடை தெரியாமல் 18 மணி நேரத்தை அப்படியே பின்பற்றினால் நம் ஊர் வெக்கையில் மாவு கூழாகிவிடும்.

ஒரு சிறு சோதனையிலிருந்து தொடங்கலாம். ஒரு கைப்பிடி மைதாவைச் சப்பாத்தி மாவுப் பதத்தில் உருட்டி, கால் மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் அமிழ்த்தி மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றுங்கள். உருண்டை சிறுத்துக்கொண்டே வரும். ஐந்தாறு தடவை மாற்றிய பிறகு தண்ணீர் தெளியத் தொடங்கும். கையில் பழுப்பு நிறத்தில் சவ்வாக ஒரு கட்டி மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், பல்லில் வைத்தால் மெல்லவே முடியாது. தண்ணீரோடு போனது மாவுச்சத்து. மிஞ்சியது புரதம். இதைத்தான் குளூட்டன் என்கிறார்கள், தமிழில் பசையம்.

இத்தாலியின் போலோன்யா நகரில் யாக்கோப்போ பெக்காரி என்ற அறிஞர் 1728இல் இந்தச் சோதனையைத்தான் விவரித்தார்; 1745இல் அது அச்சில் வந்தது. கழுவி எடுத்த இரண்டு பொருள்களையும் அவர் ஈரத்தோடு அப்படியே கிடக்க விட்டுப் பார்த்தார். மாவுச்சத்து புளித்தது. பசையம் இறைச்சி அழுகுவதைப் போல அழுகி நாறியது. அப்படிப்பட்ட பொருள் விலங்குடலில் மட்டுமே உண்டு என்று நம்பியிருந்த காலத்தில், கோதுமைக்குள்ளும் அது இருக்கிறது என்று ஒரு கிண்ணத் தண்ணீரைக் கொண்டே காட்டிவிட்டார்.

இதே சோதனையை அரிசி மாவில் செய்யுங்கள். ஆடுதுறை ரகமோ பொன்னியோ, எதுவானாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. அரிசியிலும் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் புரதம் உண்டு. ஆனால் அது தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. கோதுமையில் உள்ள குளூட்டெனின், கிளையாடின் என்ற இரு புரதங்களும் கோத்துக்கொள்கின்றன. காய்ந்த மாவில் பசையம் பசையமாக இருப்பதில்லை. தண்ணீர் சேர்ந்த பிறகே உருவாகிறது.

பட்டுக்கோட்டை வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது. தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, நார் உரித்து, கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பசையம் உருவாவது எளிதில் விளங்கும். தனி நார் குட்டையானது, கையால் பிய்த்துவிடலாம். பல நார்களை ஒரே திசையில் பக்கம் பக்கமாக வைத்து முறுக்கினால் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு வடமாகிறது. குளூட்டெனின் மூலக்கூறுகளும் அப்படித்தான் அருகருகே வந்து சேரும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அவற்றில் உள்ள கந்தக அணுக்கள் தங்களுக்குள் பிணைந்து நீண்ட சங்கிலிகளை உண்டாக்குகின்றன. மாவின் வலு இங்கிருந்து வருகிறது. கிளையாடின் இடையில் இருந்து வழுக்கிக் கொடுத்து மாவை நீள விடுகிறது. மட்டை ஊறாமல் நார் பிரியாது. தண்ணீர் போதாத மாவில் புரதமும் நகராது.

இந்த வலுவை அருகிலிருந்து பார்க்க வீச்சுப் புரோட்டா போடும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். எண்ணெயில் ஊறிய உருண்டையை மாஸ்டர் மேசையில் தட்டிப் பரப்பி, ஓரத்தைப் பிடித்து வீசுகிறார். மூன்று நான்கு வீச்சில் மாவு அடியில் உள்ள மேசை தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிறது. கிழிவதில்லை. ஊறாத உருண்டையை அதே கை வீசினால் மாவு சுருங்கிப் பழையபடி திரும்பிவிடும். பிசைந்தபோது விறைத்துக்கொண்ட இழைகள் ஊறும் நேரத்தில் தளர்ந்து தங்களுக்குள் இடம் மாறிக்கொள்கின்றன. சும்மா கிடக்கும் மாவுக்குள்ளும் வேலை நடக்கிறது என்பதைப் புரோட்டா போடுகிறவர்கள் வேதியியல் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பசையமே இல்லாத இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது? பொங்குவதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று வாயுவை உண்டாக்க, மற்றொன்று உண்டான வாயுவைப் பிடித்து வைக்க. இட்லி மாவில் வாயுவை உண்டாக்குவதில் முதன்மையானது லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. மாவு புளிக்கும் மணிநேரங்களில் எந்தெந்த நுண்ணுயிர் எவ்வளவு பெருகுகிறது என்று கணக்கெடுத்து, முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் முதலானோர் 1965இல் இதை வெளியிட்டார்கள். இந்தப் பாக்டீரியா வெளியிலிருந்து சேர்க்கப்படுவதல்ல. உளுந்தோடும் அரிசியோடும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வேலை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் சுசீலம்மா, ராவ் இருவரும் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். உளுந்தின் புரதம் காற்றுக் குமிழ்களைச் சுற்றிப் படலமாகப் படிகிறது என்றும், அராபினோகேலக்டன் என்ற கொழகொழப்பான சர்க்கரைப் பொருள் அந்தக் குமிழ்களை உடையாமல் காக்கிறது என்றும் கண்டார்கள். உளுந்து பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் இது நுரை; இழுத்தால் நீளாது. சிறு குழியில் ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்து இறுகிவிடும் இட்லிக்கு அது போதும். முக்கால் மணி நேரம் வேக வேண்டிய ரொட்டி அதுவரை உப்பி நிற்க, நீண்டு கொடுக்கும் சுவர்கள் வேண்டும். அதனால்தான் ரொட்டிக்குப் பசையம் தேவைப்படுகிறது.

இனிப் பிசைவதற்கு வருவோம். பிசையும் கை மூன்று வேலைகளைச் செய்கிறது. தண்ணீரை மாவு முழுதும் சேர்க்கிறது. சிக்கிக் கிடக்கும் புரத இழைகளை நீட்டி அருகருகே கொண்டுவருகிறது. காற்றை உள்ளே புகுத்துகிறது.

முதல் இரண்டையும் நேரமே செய்துவிடும் என்பதற்கு நல்ல சான்று பிரான்சிலிருந்து கிடைத்தது. ரொட்டிக் கலையைக் கற்பித்த பேராசிரியர் ரேமோன் கல்வெல் 1974இல் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து சிறிது நேரம் சும்மா விட்டார். உப்பையும் ஈஸ்ட்டையும் பிறகுதான் சேர்த்தார். அந்த மாவுக்குப் பிசையும் நேரம் வெகுவாகக் குறைந்தது. தண்ணீர் மெல்ல ஊறிப் புரதங்களுக்கு இடம் கொடுக்கிறது. மாவிலேயே இருக்கும் நொதிகள், அதாவது ஒரு வேதிவினையை விரைவாக்கும் புரதங்கள், நீண்ட இழைகளை அங்கங்கே நறுக்கிச் சிக்கலைத் தளர்த்துகின்றன. இழைகள் மறுபடி ஒழுங்காக இணைகின்றன. லேஹியின் செய்முறையில் தண்ணீர் கூடுதல் என்பதால் இந்த நகர்வு இன்னும் எளிது. கூடவே ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவில் ஒவ்வொரு குமிழும் மெல்ல வீங்கி, தன்னைச் சுற்றியுள்ள மாவை எல்லாப் பக்கமும் இழுத்துப் பரப்புகிறது. வெளியிலிருந்து கை இழுப்பதை உள்ளிருந்து குமிழ் இழுக்கிறது. ஆக, பிசையாத ரொட்டியில் பிசைவது விட்டுப்போகவில்லை. தண்ணீரும் நொதியும் குமிழும் சேர்ந்து இரவெல்லாம் மெல்லப் பிசைகின்றன.

மூன்றாவது வேலையான காற்று சுவையான சங்கதி. குமிழ்களை ஈஸ்ட்தான் படைக்கிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 1941இல் பேக்கர், மைஸ் என்ற இருவர் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட அறையில் மாவைக் கலந்து பார்த்தார்கள். ஈஸ்ட் இருந்தும் அந்த மாவில் ரொட்டிக்குரிய கண்ணறைகள் வரவில்லை. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு முதலில் மாவின் ஈரத்தில் கரைகிறது. பிறகு ஏற்கனவே உள்ள காற்றுக் குமிழ்களுக்குள் போய்ச் சேர்ந்து அவற்றை வீங்கச் செய்கிறது. புதிதாக ஒரு குமிழைத் தொடங்க அதனால் முடிவதில்லை. மிகச் சிறிய குமிழை அதன் பரப்பு இழுவிசையே நெருக்கி அழித்துவிடும். எந்திரத்தில் அடித்துப் பிசைந்த பேக்கரி ரொட்டிக்குள் எண்ணற்ற பொடிக் குமிழ்கள் புகுவதால் அதன் உட்புறம் பஞ்சு போல் சீராக இருக்கிறது. கரண்டியால் கலக்கிய மாவில் குமிழ்கள் குறைவு. இருக்கும் சிலவே வாயு முழுதையும் வாங்கிப் பெரிதாகின்றன. பிசையாத ரொட்டியின் பெரிய, ஒழுங்கற்ற கண்ணறைகளுக்கு இதுதான் காரணம்.

இப்போது பட்டுக்கோட்டைக் கணக்கு. 18 மணி நேரம் என்பது நியூயார்க்கில் 21, 22 டிகிரி செல்சியஸ் அறைக்குச் சொன்னது. நம் சமையலறை சித்திரை, வைகாசி இரவுகளில் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. இந்த எல்லைக்குள் வெப்பம் எட்டுப் பத்து டிகிரி ஏறினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதனால் 18 மணி நேரம் ஒன்பதாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். மார்கழியில் இட்லி மாவுப் பாத்திரத்தைத் துணி சுற்றி வைக்கிறவர்களுக்கும், கோடையில் மாவு நள்ளிரவிலேயே பொங்கி வழிவதைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் கணக்கைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேரம் கடந்தால் என்ன ஆகும்? இட்லி மாவு கூடுதலாகப் புளிக்கும், அவ்வளவுதான். மறுநாள் ஊத்தப்பம் ஊற்றிக்கொள்ளலாம். கோதுமை மாவுக்குச் சேதம் அதிகம். சிக்கலைத் தளர்த்திய அதே நொதிகள் நறுக்குவதை நிறுத்துவதில்லை. புளிப்பு ஏற ஏற அவற்றின் வேகமும் கூடுகிறது. கோத்த சங்கிலிகள் துண்டாகி மாவு நீர்த்து ஓடும். வாயு வெளியேறிவிடும். சுட்டால் தட்டையான, புளித்த அடை கிடைக்கும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்து அளவுகளைச் சொல்கிறேன். மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, பொடி ஈஸ்ட் கால் தேக்கரண்டி. கோடையில் அதிலும் பாதி போதும். கோதுமை மாவை மட்டுமே போட்டுச் சுடலாமே என்று கேட்பார்கள். தவிட்டுத் துணுக்குகள் பசையப் படலத்தைக் குத்திக் கிழிப்பதால் ரொட்டி கனத்துப் போகும். கால் பங்கு சேர்த்தால் மணமும் வரும், உப்புவதும் கெடாது. முழு மைதாவாக இருந்தால் தண்ணீரை 280 மில்லியாகக் குறையுங்கள். மைதா அவ்வளவு தண்ணீரைத் தாங்காது.

கோடையில் பானைத் தண்ணீரில் கலக்குங்கள். உலர்ந்த மாவு எங்கும் திட்டாகத் தெரியாத வரை கரண்டியால் கலக்கினால் போதும். பார்க்க அழகாக இராது. மூடி வையுங்கள். இரவு பத்து மணிக்குக் கலந்தால் விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்குத் தயாராகிவிடும். மாவு இரு மடங்காகி, மேற்பரப்பு முழுதும் குமிழ் பூத்து, நடுப்பகுதி லேசாகத் தளரத் தொடங்குவது சரியான தறுவாய். பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். மாவு ஓரத்தை விட்டு விலகும்போது இடையில் நூல் நூலாக இழைகள் தொங்கும். இரவு கலக்கும்போது கரண்டிக்குள் துண்டு துண்டாக உடைந்த அதே மாவு இது. அந்த இழைகள்தாம் இரவு முழுதும் உருவான பசையம்.

இந்தக் கட்டத்தில்தான் மூலிகை. கற்பூரவல்லியை ஓமவல்லி என்றும் சொல்வார்கள். கசக்கினால் ஓம வாசம் வரும். அந்த மணத்துக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருள்கள். ஓமத்தின் மணமும் தைமால்தான். பீட்சாவோடு சிறு பொட்டலத்தில் தருகிறார்களே ஒரிகானோ, அதிலும் இதே இரண்டு பொருள்கள் உண்டு. ஆகவே இத்தாலிய மூலிகை ரொட்டிக்கு வேண்டிய மணம் நம் கொல்லைத் தொட்டியிலேயே இருக்கிறது. கடையில் பொட்டலம் வாங்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். செடி இந்த எண்ணெயை வைத்திருப்பது நமக்காக அல்ல. தன்னைத் தாக்கும் பூச்சிகளையும் நுண்ணுயிர்களையும் விரட்டுவதற்காக. கார்வக்ராலும் தைமாலும் நுண்ணுயிர்களின் செல் சவ்வைக் குலைக்கின்றன. ஈஸ்ட்டும் ஒரு நுண்ணுயிர்தான். நிறைய இலையை அரைத்து முதலிலேயே கலந்துவிட்டால் ஈஸ்ட் இரவெல்லாம் அந்த எண்ணெயில் கிடந்து தவிக்கும். மாவு மந்தமாகவே இருக்கும். பச்சைப் பூண்டை நசுக்கிப் போட்டாலும் இதே தொல்லைதான். அதனால் ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு, மாவை மடிக்கும்போது மூலிகையைச் சேர்ப்பது நல்லது. கற்பூரவல்லி இலையில் நீர் அதிகம். எட்டுப் பத்து இலைகளைப் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ லேசாக வதக்குங்கள். நீர் போகும், மணப்பொருள்கள் எண்ணெயில் கரைந்து தங்கும். பூண்டையும் சேர்த்து வதக்கலாம். கறிவேப்பிலையும் நன்றாகவே இருக்கும்.

கையை நனைத்துக்கொண்டு மாவை மாவு தூவிய பலகையில் இறக்கி, வதக்கியதைப் பரப்பி, நான்கு ஓரங்களையும் இழுத்து நடுவில் மடியுங்கள். பெரிய குமிழ்கள் சில உடையும். பரவாயில்லை, அவை பிரிந்து பலவாகும். துணி மூடி முக்கால் மணி நேரம் விடுங்கள். லேஹி இரண்டு மணி நேரம் விடச் சொல்வார். நமக்கு அது அதிகம்.

சுடும்போது மூடி ஏன்? ரொட்டி உப்புவதற்கு முன்பே தோல் காய்ந்து இறுகினால் அதற்கு மேல் உப்ப முடியாது. மூடிய பாத்திரத்தில் மாவின் தண்ணீரே ஆவியாகி உள்ளே தங்கி, குளிர்ந்த தோலின் மேல் படிந்து அதை இளக்கமாக வைத்திருக்கிறது. தோலில் உள்ள மாவுச்சத்து வெந்து கூழாகி, பின்னர் காய்ந்து பளபளவென்று மொறுமொறுப்பாகிறது. ஓவனை 230 டிகிரியில் வைத்து, உள்ளேயே காய்ந்த இரும்புப் பாத்திரத்தில் மாவை இறக்கி, 30 நிமிடம் மூடியோடும் 15 நிமிடம் மூடியைத் திறந்தும் சுட வேண்டும். திறந்த பிறகுதான் சிவக்கும். உட்புறத்தில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் ரொட்டியின் உள்ளும் இட்லியும் வெள்ளையாகவே இருக்கின்றன. தோல் உலர்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து நிறமும் வறுத்த மணமும் பிறக்கின்றன. லூயி கமில் மெய்யார் 1912இல் விவரித்ததால் இதை மெய்யார் வினை என்கிறார்கள். முறுகல் தோசையின் நிறமும் இதே வினைதான்.

ஓவன் இல்லாதவர்கள் பாதி அளவு மாவைக் கனத்த இரும்புச் சட்டியில் தட்டையாகப் பரப்பி, மூடி, சிறு தீயில் சுடலாம். அடி சிவந்ததும் திருப்பிப் போட வேண்டும். ரொட்டி அவ்வளவு உயராது, ஆனால் மணமும் கண்ணறைகளும் கிடைக்கும். இறக்கியதும் அறுக்காமல் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். சூட்டில் அறுத்தால் பிசுபிசுக்கும்.

தமிழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுச் செய்முறைகளை எடுத்தாளும்போது மணி நேரத்தை மட்டும் பெயர்த்துப் போடாதீர்கள். அது எத்தனை டிகிரி வெப்பத்துக்கான நேரம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 'இரவு முழுதும்' என்று எழுதினால் அது மார்கழி இரவா, சித்திரை இரவா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.